கடையை எடுக்கலாமா வேண்டாமா: யார் பேச்சைக் கேட்பது?

6 ஜனவரி 2025 | வாசகி, பிறை, பினாங்கு

எனக்கு வயது 43. பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. இப்போது விருப்பப்பட்டு விலகுகிறவர்களுக்குப் பணம் தருகிறார்கள். எனக்கு 60,000 வெள்ளி (ரிங்கிட்) போல வரும். பட்டர்வொர்த்தில் காலைப் பசியாறல் விற்கும் ஒட்டுக்கடை ஒன்று கைமாறுகிறது. அண்ணன் "கண்ணை மூடிக்கொண்டு எடு" என்கிறார். அம்மா எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர்; அவரும் அண்ணியும் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். ஆண்களுக்குத் துணிச்சல், பெண்களுக்குப் பயம் என்பது உண்மைதானோ? நான் யார் பேச்சைக் கேட்க?

6 ஜனவரி, இரவு | கணக்கக்கா, பட்டர்வொர்த்

பெண்களுக்குப் பயமா என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு அடித்துக்கொள்வார்கள், உங்கள் கடை அப்படியே கிடக்கும். நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். இந்த மாதிரி யோசனை கேட்டு வருகிறவர்கள் நிறைய. எனக்கு முதலில் தெரியவேண்டியது இவ்வளவுதான்: அண்ணன் "எடு" என்று சொன்ன வாரம் அவருக்கு என்ன நடந்தது? அம்மா "வேண்டாம்" என்று சொன்ன வாரம் வீட்டில் என்ன நடந்தது? நட்டமானால் யார் கையிலிருந்து போகும்?

8 ஜனவரி

வாசகி, உங்கள் பதில் பார்த்தேன். உங்கள் அண்ணனை நவம்பரில் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்களாம். அம்மா பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாராம். சரி, இப்போது பேசலாம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் லெர்னரும் கூட்டாளிகளும் அமெரிக்கா முழுக்க ஆள் எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2003-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கோபத்தைக் கிளறும் செய்தியைக் காட்டினார்கள், இன்னொரு பகுதியினருக்குப் பயத்தைக் கிளறும் செய்தியை. பிறகு இன்ன ஆபத்து உங்களுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். பயந்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள், கோபப்பட்டவர்கள் குறைத்துச் சொன்னார்கள். ஆண்கள் பெண்களைவிடக் குறைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஆண்-பெண் வித்தியாசத்தில் 60 முதல் 80 சதவீதம் வரைக்கும் காரணம் யாருக்கு எவ்வளவு கோபம், எவ்வளவு பயம் என்பதிலேயே அடங்கிவிட்டது.

உங்கள் அண்ணனை இதில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைமேல் அவருக்கு இருக்கிற ஆத்திரம்தான் "கண்ணை மூடிக்கொண்டு எடு" என்று வருகிறது. வேலையை முதலாளி முகத்தில் விசிறியடித்துவிட்டு வா என்பது அதற்குள் இருக்கிறது. உங்கள் கடையைப் பற்றி அவர் ஏதாவது கேட்டாரா? வாடகை எவ்வளவு என்றாவது?

நம் வீடுகளில் இதில் இன்னொரு சிக்கல். ஆணுக்குப் பயம் வந்தால் கத்துவான். பெண்ணுக்குக் கோபம் வந்தால் அழுவாள், இல்லையென்றால் "எனக்குப் பயமா இருக்குப்பா" என்பாள். பார்க்கிறவர்கள் அவனைத் துணிச்சல்காரன் என்றும் இவளைக் கோழை என்றும் எழுதிவைத்துக்கொள்கிறார்கள்.

8 ஜனவரி, சற்றுப் பிறகு

என் மச்சான் இதைப் படித்துவிட்டு "நான் எப்போது கத்தினேன்" என்று போனில் கத்தினார்.

11 ஜனவரி

நிபோங் திபால் நண்பர் கேட்டது: "அக்கா சமாளிக்கிறீர்கள். பெண்கள் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள் என்று ஆராய்ச்சியே சொல்கிறதே."

சொல்கிறதுதான். 1999-ல் பர்ன்ஸ், மில்லர், ஷேஃபர் மூவரும் 150 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான வகைகளில் ஆண்கள்தான் அதிகம் துணிகிறார்கள். வித்தியாசம் சிலவற்றில் பெரிது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை, வயது ஏற ஏறக் குறைந்துகொண்டும் வருகிறது. இதை மறைக்க எனக்கு ஆசை இல்லை.

ஆனால் துணிந்தவன் சம்பாதித்தானா என்று யாரும் கேட்பதில்லை. பார்பர், ஓடியன் என்ற இரண்டு நிதித்துறை ஆய்வாளர்கள் 1991 முதல் 1997 வரை 35,000-க்கும் அதிகமான அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்கைப் பார்த்தார்கள். ஆண்கள் 45 சதவீதம் கூடுதலாக வாங்கி விற்றார்கள். அப்படி வாங்கி விற்றதாலேயே அவர்களுக்கு வருஷ லாப விகிதத்தில் 2.65 சதவீதப் புள்ளி போனது, பெண்களுக்கு 1.72. கை அரிப்புக்குத் துணிச்சல் என்று பெயர் வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

அப்புறம் எதை ரிஸ்க் என்று எண்ணுகிறோம்? பங்குச்சந்தை, மோட்டார்சைக்கிள், சூதாட்டம் எல்லாம் கணக்கில் வருகிறது. எங்கள் கடைத்தெரு அடகுக்கடையில் ஒரு காலை நின்று பாருங்கள். பள்ளி திறக்கிற மாதம் என்றால் வரிசையில் முக்கால்வாசி பெண்கள். போன வருஷம் எனக்கு முன்னால் நின்ற அக்கா கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு வளையலையும் ஒரு தோட்டையும் மேசையில் வைத்தார். ஒற்றைத் தோடு. இன்னொன்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறதாம். உரசிப் பார்த்து, நிறுத்து, சீட்டு எழுதினார்கள். மாதத்துக்கு இரண்டு சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை, சட்டமே அப்படித்தான். ஆறு மாதத்தில் மீட்கவோ தவணையைப் புதுப்பிக்கவோ முடியாவிட்டால் வளையல் போச்சு. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம். மகன் படிப்பை முடிப்பானா, வேலை கிடைக்குமா, கிடைத்தால் அம்மாவைப் பார்ப்பானா? மூன்றுமே உறுதி கிடையாது. இதைவிடப் பெரிய சூதாட்டத்தை கெந்திங் மலைச் சூதாட்ட விடுதியில் யாரும் ஆடிவிடப் போவதில்லை. அந்த அக்காவிடம் போய் "நீங்கள் துணிச்சல்காரரா" என்று ஆய்வுத்தாளை நீட்டினால் "இல்லையம்மா, எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றுதான் சொல்லுவார்.

11 ஜனவரி, நள்ளிரவு

கெந்திங் பற்றிச் சொன்னதும் ஒருவர் பேருந்து நேரம் கேட்டிருக்கிறார். இங்கே கேட்காதீர்கள்.

15 ஜனவரி

அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டுக்குப் போய்வந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்கு ஆதாரமும் உண்டு. 1983-ல் எரிக் ஜான்சனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் செய்த சோதனையில் ஒரே ஒரு ஆள் செத்த செய்தியைப் படிக்கவைத்தார்கள். படித்தவர்கள் அந்த மாதிரிச் சாவை மட்டும் அல்ல, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்துகளையும் கூட்டி மதிப்பிட்டார்கள். துக்கம் எல்லாவற்றின் மேலும் படிந்துவிடுகிறது. ஆகவே கருமக்கிரியை முடிந்து வந்த மனுஷியிடம் ஒட்டுக்கடையைப் பற்றிக் கேட்டால் ஒட்டுக்கடைக்குப் பதில் வராது.

ஆனால் அம்மாவுக்கு அந்த வாரப் பயம் மட்டும்தானா இருக்கும்? தோட்டத்தில் வளர்ந்தவர் என்றீர்கள். 1982-ல் மஇகா கட்சி மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனியைத் தொடங்கியபோது இந்தியர் சமூகமே ஒன்றுசேர்ந்து மேலே வரப்போகிறது என்று பேச்சு. பங்குதாரர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல், அதில் தோட்டக் குடும்பங்கள் எத்தனையோ. நகையை விற்றுப் போட்டவர்கள் உண்டு. கடைசியில் 2010-ல் ஒரு வெள்ளிப் பங்கை வேறொரு கம்பெனி 80 காசுக்கு வாங்கிக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம் கழித்து 80 காசு. அந்தத் தலைமுறை "போடாதே" என்றால் அதை மனநிலை என்று தள்ளிவிட முடியாது, அது அனுபவம். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். சாவின் பாரம் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போதும் வேண்டாம் என்றால், ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

19 ஜனவரி

ஒரு வேடிக்கை. கோகன், வாலக் என்ற இரண்டு உளவியல்காரர்கள் மனிதர்கள் எப்படி யோசனை சொல்கிறார்கள் என்று பார்க்கக் கேள்வித்தாள் ஒன்று போட்டார்கள். முதல் கேள்வியைப் படித்தால் பினாங்கில் உட்கார்ந்து எழுதினார்களோ என்று தோன்றும். திரு. ஏ மின்பொறியாளர், கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது, பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சாகும்வரை வேலை உறுதி, ஓய்வூதியமும் உண்டு, சம்பளம் மட்டும் பெரிதாக ஏறாது. புதிதாகத் தொடங்கிய சின்னக் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது. நிலைக்குமா தெரியாது, நிலைத்தால் பங்கும் கிடைக்கும். அந்தக் கம்பெனி பிழைக்க எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு இருந்தால் போகச் சொல்வீர்கள்? பத்தில் ஒன்றா, மூன்றா, ஐந்தா, ஏழா, ஒன்பதா?

இதை எங்கள் அலுவலகத்துக்குக் கணக்கு கொண்டுவருகிறவர்களிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். சிலரிடம் திரு. ஏ என்றேன், சிலரிடம் திருமதி ஏ என்றேன், மற்ற எதையும் மாற்றவில்லை. இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, தேநீர் நேரத்துப் பொழுதுபோக்கு. திரு. ஏ என்றால் "ஐந்து இருந்தால் போகட்டும்", "வயசு இருக்கு, போகட்டும் லா" என்று உடனே எண் வந்தது. திருமதி ஏ என்றால் எண் வரவில்லை, கேள்விதான் வந்தது. "புருஷன் என்ன வேலை?" "பிள்ளையை யார் பார்ப்பா?" கேட்டவர்களில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். என் சொந்தத் தங்கச்சி, இரண்டு லோரி வைத்து ஓட்டுகிறவள், அவளும்தான் "பிள்ளை எத்தனாவது படிக்குது" என்றாள்.

ஆக யோசனை சொல்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம், கேட்கிறவர் யார் என்பதை விட்டுவிடுகிறோம். உங்கள் இடத்தில் உங்கள் தம்பி இதே 60,000-ஐ வைத்துக்கொண்டு இதே கடையைக் கேட்டிருந்தால் அண்ணி என்ன சொல்லியிருப்பார்? கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

20 ஜனவரி

குடும்பக் கூட்டம் கூட்டி முடிவெடுங்கள் என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். ஐயா, மன்னிக்கவும். தனித்தனியாகச் சொல்வதைவிடக் கும்பலாகச் சேர்ந்தால் இன்னும் துணிந்து சொல்கிறார்கள் என்று 1961-லேயே ஸ்டோனர் என்பவர் கண்டார். பிறகு மற்றவர்கள் பார்த்தபோது, ஆரம்பத்தில் பயந்த கும்பல் பேசப் பேச இன்னும் பயந்துபோவதும் தெரிந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்களோ அந்தப் பக்கமே சரிவார்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு முடித்த மாமாக்கள் கூட்டத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றி எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் கணக்கை அப்புறம் நான்தான் எழுதுகிறேன்.

27 ஜனவரி

கணவரின் "உன் இஷ்டம்" பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு நால்வரில் அவர்தான் உறுத்துகிறார். அண்ணன் தவறாகவே சொன்னாலும் பக்கம் ஒன்று எடுத்திருக்கிறார். கணவர் கடை ஓடினால் நான் தடுக்கவில்லையே என்பார், படுத்தால் நான் சொல்லவே இல்லையே என்பார். நட்டத்தில் பாதி அவருடையது, வீட்டுத் தவணை இருக்கிறது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பயம்தான் என்று நினைக்கிறேன். ஆம்பிளை பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வழி. பழைய வானிலை ஆய்வு ஒன்றைப் படித்ததில் வந்த யோசனை. 1983-ல் ஷ்வார்ட்ஸும் க்ளோரும் தொலைபேசியில் ஆட்களைக் கூப்பிட்டு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். வெயில் நாளில் நன்றாகப் போகிறது என்றார்கள், மழை நாளில் சுமார் என்றார்கள். ஆனால் "அங்கே வானம் எப்படி இருக்கிறது" என்று முதலில் கேட்டுவிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போனது. மூட்டம் வானத்தில் இருக்கிறது, வாழ்க்கையில் இல்லை என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அதனால் கடையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கேளுங்கள். வேலை எப்படி, முதுகு வலி எப்படி, தூக்கம் வருகிறதா. அப்புறம் கடை.

29 ஜனவரி

சீனப் பெருநாள், தெருவெல்லாம் வெடி. வேலை இல்லாததால் ஒருவர் என் மேல் குறிப்பு எழுதியிருக்கிறார்: வானிலை ஆய்வைப் பின்னாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2013-ல் சோதித்தபோது அப்படி ஒரு விளைவே தெரியவில்லையாம். உண்மைதான். வெயில் மழையை விட்டுவிடுங்கள். ஆனால் கணவரிடம் முதுகு வலியைக் கேட்கிற யோசனையை நான் திரும்பப் பெறவில்லை, அதற்கு அமெரிக்கர்கள் தேவையில்லை.

10 பிப்ரவரி

நாளை தைப்பூசம். பாதிப் பேர் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப்பந்தலில் நிற்பீர்கள், மீதிப் பேர் ரதத்தின் பின்னால். வாசகி எழுதியிருக்கிறார்: "மலை இறங்கியதும் கையோடு முன்பணம் கொடுத்துவிடலாமா? மனசு நன்றாக இருக்கிறது."

மனசு நன்றாக இருக்கும்போது முடிவெடுத்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆலிஸ் ஐசென் என்ற அம்மையார் செய்த சோதனைகளில் அப்படி வரவில்லை. சின்னச் சந்தோஷம் கொடுத்துப் பந்தயம் கட்டச் சொன்னபோது, ரிஸ்க் சிறிதாக இருந்தால் அதிகம் கட்டினார்கள், பெரிதாக இருந்தால் மற்றவர்களைவிடக் குறைவாகக் கட்டினார்கள். நல்ல மனநிலையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அதனால் நாளைக்குச் சந்தோஷமாக இருக்கும்போது பெரிய தொகையை நினைத்துப் பாருங்கள். அப்போதும் கை முன்னால் போகிறதா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள், கடைக்காரர் அடுத்த வாரமும் இருப்பார்.

16 பிப்ரவரி

வாசகி கடைக் கணக்கு அனுப்பியிருந்தார். பொது இடம் என்பதால் விவரத்தைச் சுருக்குகிறேன். கடைக்கும் சாமானுக்கும் சேர்த்துக் கேட்கிற தொகை போக, ஆறு மாதம் ஓட்டக் கையில் வேண்டும். மோசமாகப் போனால் 60,000-ல் 25,000 திரும்பி வராது.

அண்ணன் இதைப் பார்த்து "மோசமானாலும் 35,000 கையில் நிக்குது" என்றாராம். அண்ணி அதே தாளைப் பார்த்து "25,000 போயிடும்" என்றாராம். இருவரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1981-ல் இதைத்தான் காட்டினார்கள். 600 பேரைத் தாக்கும் நோய். முடிவு நிச்சயமாகத் தெரிந்த வழி ஒன்று, எல்லாரும் பிழைக்கலாம் அல்லது யாருமே பிழைக்காமல் போகலாம் என்ற சூதாட்ட வழி ஒன்று, இரண்டில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். "200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்" என்று எழுதியபோது 72 சதவீதம் பேர் அந்த நிச்சயத்தை எடுத்துக்கொண்டார்கள். அதையே "400 பேர் நிச்சயம் சாவார்கள்" என்று எழுதியபோது 78 சதவீதம் பேர் அதை விட்டுவிட்டுச் சூதாட்டப் பக்கம் போனார்கள். ஆகையால் அண்ணன் பெரிய மனசு, அண்ணி சின்ன மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தாளில் இரண்டு வாக்கியத்தையும் எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு பதில் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 வரை அவகாசம். நீங்கள் உதவியாளுக்கு 1,500 என்று வருஷம் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். கடைசி ஐந்து மாதத்தைத் திருத்துங்கள், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ, சேமநிதியான இபிஎஃப் இரண்டையும் சேர்த்து.

16 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

தேங்காய் விலையையும் பழைய விலையில் போட்டிருக்கிறீர்கள். தேங்காய்ச் சட்னி இல்லாத இட்லியை பட்டர்வொர்த்தில் விற்க முடியாது.

2 மார்ச்

நேற்று இபிஎஃப் 2024-ஆம் வருஷத்துக்கு 6.30 சதவீத லாபஈவு அறிவித்தது. எதிர்பார்த்தபடியே "அங்கேயே போட்டுவை, கடையும் வேண்டாம் கிடையும் வேண்டாம்" என்று ஒரு பட்டாளம் கிளம்பிவிட்டது, அதில் ஜனவரியில் "துணிந்து எடு" என்று இதே இடத்தில் எழுதிய இரண்டு பேரும் அடக்கம். நல்ல வட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் 60,000-க்கு வருஷம் 3,780 வெள்ளி, மாதத்துக்கு 315. அது சம்பளத்துக்கு ஈடாகாது. கடையை இபிஎஃபோடு ஒப்பிடுகிறவர்கள் 43 வயதில் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறவருக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

9 மார்ச்

வாசகி எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு பத்து காவானில் வேலை கிடைத்துவிட்டது, இப்போது "அவசரப்படாதே, நல்லா யோசி" என்கிறாராம். எனக்கு ஆச்சரியம் இல்லை. அம்மா இன்னும் வேண்டாம்தான், காரணமும் சொல்லியிருக்கிறார்: விடியற்காலை மூன்று மணிக்குப் பெண்பிள்ளை தனியாகக் கடை திறப்பதா? இது மனநிலை இல்லை, தெருவிளக்குப் பிரச்சினை. நால்வரும் இத்தனை வாரம் பேசியதில் கடையைப் பற்றியே சொல்லப்பட்ட முதல் ஆட்சேபம் இதுதான். கணவர் வாயைத் திறந்தார், வீட்டுத் தவணைதான் அவருக்குத் தூக்கம் கெடுக்கிறதாம்.

அண்ணி சங்கதி வேறு. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 25,000-ல் பாதியைத் தான் போட்டால் தனக்கும் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறார். தன் நகையாம். முதலில் "வேண்டாம்" என்றதற்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, "என்னை யாரும் சேர்த்துக்கலையே" என்றாராம்.

இதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. நகையை அடகு வைக்கச் சொல்லவும் மாட்டேன், மாதம் இரண்டு சதவீத வட்டியைக் கடை முதல் ஆறு மாதத்தில் தாங்காது. வேலையாகப் பங்கு கொடுங்கள், மூன்று மணிக்கு இரண்டு பேர் இருந்தால் அம்மாவின் ஆட்சேபமும் பாதி தீரும். அப்படிச் சேர்ந்தால் வாய்ப்பேச்சாக விடாமல் கம்பெனிப் பதிவு அலுவலகமான எஸ்எஸ்எம்-இல் இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியுங்கள், வணிகப் பெயரென்றால் வருஷத்துக்கு 60 வெள்ளி. யார் எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சமையலில் கைவைக்கிறவர்கள் எல்லாரும் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போகவேண்டும், டைஃபாய்டு ஊசியும் போடவேண்டும். அண்ணிக்கும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். ஆகஸ்ட் முதலான புதுச் சம்பளத்தையும் சேர்த்துத் திருத்திய கணக்கை அனுப்புங்கள், பார்க்கிறேன்.